போனுக்குள் இருக்கும் அப்பா

என்னங்க,

நீங்கள் சமைக்கிற கப்பலிலேயே நாங்கள் உல்லாசப் பயணம் வந்தும் உங்களைப் பார்க்க முடியவில்லை; சமையலறைப் பக்கம் பயணிகள் வரக்கூடாதாம். வேலை நேரத்தில் நீங்கள் போனையும் எடுப்பதில்லை என்பதால், அறையைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் நாள் நீங்கள் தூக்கியதும் பாப்பா வீறிட்டு அழுதாள். "என்னைப் பிள்ளை பிடிக்கிறவன்னு நினைச்சுட்டா போல" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். பிறகு வரவேயில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

பிறந்ததிலிருந்து அவள் உங்களைப் போனில்தானே பார்த்திருக்கிறாள்? இப்போதும் அணைந்து கிடக்கும் போனைத் தட்டி, "அப்பா, வா" என்கிறாள். திரையெல்லாம் முத்த எச்சில்.

நாளை இறங்கிவிடுவோம். இன்று வேலை முடிந்ததும் எங்கள் அறை வாசலில் நின்று போனில் கூப்பிடுங்கள். அவள் சிரிக்கும்போது மெதுவாகக் கதவைத் திறக்கிறேன். அழுதால் சாத்திவிடுகிறேன். நீங்கள் போனிலேயே பேசிக்கொண்டிருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
பாப்பாவின் அம்மா