நான்கு பருவங்களுக்குப் போதுமான பணம்

இன்று காலை வங்கியில் கவுண்டரில் இருந்த பெண் என் இருப்புச் சான்றிதழில் முத்திரை குத்தினாள். ஊதா மை காயவில்லை. "ஒரு நிமிஷம் மேடம், ஆறட்டும்" என்று காகிதத்தை மின்விசிறிப் பக்கம் பிடித்தாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். இதே கிழக்குத் தாம்பரம் கிளையில், இதே மாதிரி ஒரு காகிதத்தை வாங்கிய நீ முதலில் அதைப் படிக்கவில்லை. முகர்ந்து பார்த்தாய். "புதுப் புடவையைக்கூட நீ இப்படி மோந்து பாத்ததில்லையேடி" என்று கிண்டல் செய்தேன். "புடவை யார் வேணா எடுத்துக் குடுப்பாங்க. இது நானே சம்பாதிச்சது" என்றாய்.

வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் போய்ச் சேராது என்று தெரியும். இருந்தாலும், நான் விசாவுக்குப் பணம் காட்டப் போகிறேன் என்பதைச் சொல்லிக் குதிக்க எனக்குச் சிட்லபாக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

நீ தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். நான் தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி, தொண்டை போய், ஓய்வு பெற்றவள். உனக்குப் பென்ஷன் உண்டு, எனக்கு இல்லை. அதனால்தான் உனக்கு அவ்வளவு கொழுப்பு என்று சொல்லிச் சொல்லியே ஏரிக்கரையைச் சுற்றி வந்தோம். அப்படி ஒரு காலை நடையில்தான், மூச்சு வாங்குவதற்காக நின்றது போல நின்று, "எனக்கு நாலு சீசனும் பாக்கணும்டி" என்றாய்.

எனக்குப் புரியவில்லை.

"நம்ம ஊர்ல ரெண்டே சீசன். ஒண்ணு வெயில். இன்னொண்ணு, தெருவுல நிக்கற தண்ணி எப்ப வடியும்னு பாத்துட்டே உக்காந்திருக்கறது. நாலையும் பாக்காம நான் போக மாட்டேன்."

நான் சிரித்தேன். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வரைபடம் போட்டு, பூமியின் சாய்வை ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்துக் காட்டியவள். கோடையைத் தவிர ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. உன் ஆசையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை விட்டு நான் எங்கே கிளம்புவது? அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஐரோப்பாவுக்கு டூரிஸ்ட் விசா என்றால் மூன்று மாதம்தான், அதில் ஒரு சீசன்தான் தேறும் என்று கண்டுபிடித்தவள் நீ. ஒரு வருடம் தங்கும் விசாவாகப் போட வேண்டும் என்றாய். உன்னோடு வேலை பார்த்தவரின் அக்கா பாண்டிச்சேரியிலிருந்து போய் பிரான்சில் குடியேறியவர். தெற்கே ஒரு சின்ன ஊரில் அவர் வீட்டு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. அறை கிடைத்துவிட்டது, ஆனால் பிரான்ஸ் அரசாங்கம் இரண்டு விஷயம் கேட்டது. ஒரு வருடம் உட்கார்ந்து சாப்பிட உன்னிடம் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அங்கே எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பொறந்ததுலேந்து யாருமே என்கிட்ட இதைக் கேட்டதில்லடி! வேலை செய்யாம இருப்பியா, சத்தியம் பண்ணுன்னு கேக்கறான் பாரு, இவன் மனுஷன்!" மற்ற காகிதம் ஒன்றும் தயாராகாத நிலையில் அதில் மட்டும் முதலில் கையெழுத்துப் போட்டாய். போட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாய். "சமையல் இதுல சேருமா?"

"உனக்கு மட்டும் சமைச்சுக்கிட்டா சேராது."

"அப்ப சரி."

பணம்தான் படுத்தி எடுத்தது. பணம் இல்லாமல் இல்லை. நீ கணக்குப் போட்டுக் கைக்காசு சேர்த்தவள். ஆனால் நம் வீடுகளில் பெண்கள் சேர்க்கும் பணம் எங்கே இருக்கும்? கழுத்தில் இருக்கும், லாக்கரில் இருக்கும், சீட்டில் இருக்கும், பிள்ளை பெயரில் இருக்கும். நீ நகையையெல்லாம் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் இனிப்புக் கடைக்கு மேலே இருந்த ஆடிட்டர் அறைக்கு என்னையும் இழுத்துப் போனாய். அவர் மேசையில் வளையலையும் அட்டிகையையும் நீ பரப்பியதும் அந்த மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மேடம், இதெல்லாம் உள்ள வைங்க முதல்ல. அவங்க பாக்கறது அக்கவுண்ட்ல இருக்கற பணத்தை. உங்க பேர்ல, நீங்க நினைச்சா எடுக்கற மாதிரி இருக்கற பணத்தை."

படி இறங்கிக் கீழே வந்து, "என் பேர்ல, நான் நினைச்சா எடுக்கற மாதிரி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாய். பென்ஷன் வரும் கணக்கைத் தவிர அப்படி ஒன்றும் உன்னிடம் இல்லை.

அடுத்து இரும்புலியூருக்குப் போனோம், சீட்டு பிடிக்கும் அக்காவிடம். சீட்டுப் பணம் கணக்கில் வராதாம் என்று நீ சொன்னதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மேடம் இது? என்கிட்ட கீற பணம் பேங்குல கீற மாதிரிதானே? அந்த வெள்ளக்காரனுக்கு ஒரு போன் போட்டுக் குடு. இந்தம்மா ஒரு மாசம்கூட தவணை தப்புனதில்லன்னு நானே சொல்றேன். நம்பலேன்னா வூட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு." நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். போன் போட முடியாது என்று தெரிந்ததும், மற்றவர்களிடம் பேசி அந்த மாதச் சீட்டை உனக்கே விட்டுக் கொடுக்க வைத்தார். வாசல் வரை வந்து, "பனி கொட்டுச்சுன்னா போட்டோ எடுத்து அனுப்பு மேடம்" என்றார்.

அதுவும் போதவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒருவன் நம் பேச்சைக் கேட்டுவிட்டு, கமிஷன் கொடுத்தால் சில மாதத்துக்குப் பணம் போட்டு வைக்க ஆள் இருக்கிறது, காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான். நான் கொஞ்சம் ஆசைப்பட்டேன். நீ ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தை எண்ணிக்கொண்டே, "அடுத்தவன் பணத்தைக் காட்டிப் போனா அங்க பெய்யற பனி என்னுதா இருக்குமா?" என்றாய். மிச்சம் இருந்தது ஒரே வழி. ஓய்வின்போது ரயில்வேயிலிருந்து வந்த மொத்தப் பணம். அதை உன் மகன் பெயரை முதலிலும் உன் பெயரை அடுத்ததாகவும் போட்டு டெபாசிட் செய்திருந்தாய். ஆன்லைனில் பார்க்க அவனுக்கு வசதி என்று நீயே சொல்லிப் போட்டதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வத்தக்குழம்பு கொண்டுவரும் சாக்கில் என்னையும் வரச் சொன்னாய். துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்க உனக்கு வெட்கம். உன் மகன் நல்லவன். கத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "அம்மா, அது எமர்ஜென்சிக்குன்னு போட்டது. நாளைக்கு உனக்கே ஒண்ணுன்னா என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டான்.

நீ காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாய். அவனுடைய சட்டையை மடித்து, நீவி, மேலே வைத்துவிட்டுச் சொன்னாய். "இதான்டா எமர்ஜென்சி. எனக்கு வயசாயிட்டே இருக்கு. இதுக்கு மேல அவசரம் என்ன வரணும்?"

அடுக்களையிலிருந்து உன் மருமகள்தான் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "அவங்க பணத்தைத்தானேங்க கேக்கறாங்க" என்றாள். மறுவாரம் அவனே உன்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வங்கிக்கு அழைத்துப் போனான். உன் பெயரில், உன் பெயரில் மட்டும், கணக்கு மாறியது. பணம் சில மாதம் அங்கே அசையாமல் இருந்தது. அந்த மாதங்களில் நீ அடிக்கடி பாஸ்புக்கைப் பதிவு போடப் போவாய். "பதிவு போட என்ன இருக்கு, நீதான் எடுக்கவே இல்லையே" என்பேன். "இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்பாய், தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பார்த்து வருகிறவள் போல.

விசா மையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது உனக்கு விநோதமாக இருந்தது. ஆயுசு முழுக்க அந்தப் பக்கம் இருந்து எங்கெங்கோ போகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் ஆயிற்றே. எதற்கு ஒரு வருடம் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டதற்கு, நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து நீ மனப்பாடம் செய்திருந்த ஒரு பத்தியும் உனக்கு வரவில்லை. "ஃபோர் சீசன்ஸ், மா" என்றாய். வெளியே வந்து என்னிடம் வருத்தப்பட்டது அதற்காக அல்ல. "அந்தப் பொண்ணு காலையிலேந்து ஒரு வாய் காபி குடிச்சிருக்காது, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றாய்.

விசா வந்தது. நீ போனாய். நான் உன் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இலையுதிர் காலத்தில் போனைத் திருப்பி மரத்தைக் காட்டினாய். "நம்ம வேப்பமரம் கொட்டறதுதான்டி, ஆனா இது போகும்போது பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போகுது." குளிர்காலத்தில் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையோடு, பனியைக் கையில் அள்ளிக் காட்டினாய். சொன்னபடி இரும்புலியூர் அக்காவுக்கும் போட்டோ போனது. அவர் அதைத் தெரு முழுக்கக் காட்டினார். வசந்தம் வந்த அன்று ஒரு பூத்த மரத்துக்கு நேரே போனைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "அழுதுட்டேன்டி. ஏன் அழறேன்னு யாருமே கேக்கல. அது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" தெரியாது. எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று போனை வைத்துவிட்டு, மாமியாருக்குக் கஞ்சி கரைக்கும்போது உன் மேல் பொறாமையாகவும் இருந்தது, நீ பக்கத்தில் இல்லையே என்று ஏக்கமாகவும் இருந்தது.

கோடைக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டாய். மருமகளுக்குப் பிரசவம். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை, அவள் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். "விசா இன்னும் பாக்கி இருக்கேடி" என்றேன் உன்னிடம். "கோடைதானே? நம்மூர்ல இல்லாத வெயிலா அங்க அடிக்கப் போகுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைப் பிரித்தாய். வந்த மறுநாளே பத்தியச் சமையல். கையெழுத்துப் போட்ட சத்தியம் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது என்று சிரித்தாய். அடுத்த ஐப்பசியில், ஒரு விடிகாலை, காபி கலந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. எப்போது வடியும் என்று நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மாமியாரும் இல்லை. என் பி.எஃப். பணத்தோடு, இரும்புலியூரில் அப்பா வழியில் வந்த மனையின் பங்கும் சேர்ந்து என் கைக்கு வந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். பிரான்சுக்குப் போய் ஒரு வருடம் இருக்கப் போகிறேன் என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குச் சுகர் மாத்திரை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். அந்த மனிதரிடம் இதைவிடப் பெரிய சம்மதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நீ பார்க்காமல் விட்ட கோடைக்கு மட்டும் என்றால் டூரிஸ்ட் விசாவே போதுமே என்று மகள் யோசனை சொன்னாள். உனக்காகப் போகிறேன் என்று அவளுக்கு நினைப்பு. இல்லை, நாலும் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் நடந்ததில் ஒன்றை மேலே சொல்லாமல் தாண்டிவிட்டேன். சான்றிதழுக்கு முன்னால், என் பெயரில் மட்டும் டெபாசிட் போட்டாள் அந்தப் பெண். ஜாயின்ட்டா போடலாமே மேடம் என்று கேட்டவளிடம், வேண்டாம் என்று உன் குரலிலேயே சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு, "நாமினி யாரும்மா?" என்றாள். எனக்குப் பிறகு அந்தப் பணம் யாருக்கு என்று கேட்கிறாள். வீட்டில் அவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள். என் வாய் உன் பெயரைச் சொல்லிவிட்டது, இனிஷியலோடு.

அவள் தட்டச்சு செய்தாள். "உறவு?"

"ஃப்ரெண்ட்."

"அவங்க வயசு?"

நீ நின்றுவிட்ட வயதைச் சொல்வதா, என்னோடு இதுவரை ஏறியிருக்க வேண்டிய வயதைச் சொல்வதா? அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "சார் பேரே போட்டுடட்டுமா மேடம்?" என்றாள். தலையாட்டினேன். திரையில் உன் பெயர் ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. கடைசி எழுத்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பணம் அசையாமல் இருக்க வேண்டும், நானும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வேலை செய்ய மாட்டேன் என்று கையெழுத்துப் போடுவேன், அதற்குச் சிரமமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் எதற்கு ஒரு வருடம் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் போய் இறங்கி, நீ இருந்த அதே மாடி அறைக்கு ஏறும்போது, தனியாகவா வந்தீர்கள் என்று அந்தப் பாண்டிச்சேரி அக்கா கேட்பார் இல்லையா? அதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராதுடி.