சிவப்பு நூல் கட்டிய ஸ்கூட்டி

உன் வண்டியின் சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே நீ தலைக்குத் தடவுகிற வெந்தய எண்ணெய் வாசனை. மடித்து வைத்த மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு பழைய துப்பட்டா, பாதி தின்ற கடலைமிட்டாய் பாக்கெட், ஒரு சிவப்பு நூல்கண்டு. மிட்டாயை எறும்பு மொய்த்துக் கிடந்தது. "வண்டியில தின்றத வெக்காதடின்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்" என்று சத்தமாகவே திட்டிவிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் ஸ்கூட்டியை விற்கிறோம். உன் பெண் பவித்ராவுக்கு வேலூரில் நல்ல காலேஜில் சீட்டு கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, இனி லேப்டாப் வாங்க வேண்டும். உன் வீட்டுக்காரர் விசைத்தறி ரிப்பேர் பார்த்துச் சம்பாதிக்கிற காசு ஹாஸ்டலுக்கே சரியாய்ப் போனதாம். அவர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினார். ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார். "நீதான் தங்கச்சி இத வித்துக் குடுக்கணும், உங்க ரெண்டு பேருக்குந்தான் அந்த வித்தை தெரியும்" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏன் விக்கறீங்கன்னு கேட்டா, ஊரு மாத்திகினு போறோம்னு சொல்லிடு" என்றார்.

ஏன் விக்கறீங்க. அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்வேனா? உன்னோடு சேர்ந்து கெட்டுப்போனவளடி நான்.

நாம் இதை ஆரம்பித்த கதை நினைவிருக்கிறதா? என் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் அவனுடைய நடைவண்டி பரணில்தான் கிடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றுவேன். நீ வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய். "இன்னாத்துக்குடி இத குளிப்பாட்டிகினு கீற? இன்னொண்ணு பெக்கப் போறியா?" என்றாய். அன்றைக்கே போனில் படம் எடுத்து, பழைய சாமான் விற்கிற அந்த ஆப்பில் போட்டுவிட்டாய். மறுநாளே ஒரு தம்பதி வந்து எடுத்துப்போனார்கள். கையில் வந்த பணத்தை நான் பத்திரமாக மடித்தேன். நீ பிடுங்கிக்கொண்டு போய் ரெண்டு பிரியாணி வாங்கி வந்தாய். "மொத வியாபாரம், வயித்துக்குத்தான் போவணும்" என்றாய்.

அப்புறம் தெருவில் யார் வீட்டுப் பரணையும் நீ விட்டு வைக்கவில்லை. தொட்டில், தையல் மிஷின், ஏர்கூலர், கொலு பொம்மை, ஒரு கை உடைந்த பீரோ என்று எல்லாம் நம் கைக்கு வந்தன. விற்றுக் கொடுத்தால் நமக்கு ஒரு பங்கு. நான் படம் எடுப்பேன், நீ பேசுவாய். "இருக்குதா?" என்று மட்டும் மெசேஜ் போட்டுவிட்டு ஓடிப்போகிறவர்களிடம், "அது இருக்குது, நீங்க இருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பாய். பொருளைப் பார்ப்பதற்கு முன்பே கடைசி விலை கேட்கிறவர்களை, "மொதல்ல மொத வெலய கேளுங்க சார்" என்று மடக்குவாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

உன் வேலையின் புத்தி உன்னைவிட்டுப் போகவே இல்லை. பகலெல்லாம் பட்டுக் கடையில் உட்கார்ந்து, தறியிலிருந்து வருகிற சேலைகளை வெளிச்சத்தில் விரித்துப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பாய். இழை அறுந்த இடம், ஜரிகை தவறிய இடம் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு சிவப்பு நூலை முடிந்துவிடுவாய். எடுத்தவுடன் கண்ணில் படவேண்டும், யாரும் ஏமாறக்கூடாது. அதையே மிக்ஸிக்கும் செய்தாய், சைக்கிளுக்கும் செய்தாய். மூடியில் விரிசல் என்றால் மூடியில் ஒரு நூல். பெடல் ஆடுகிறது என்றால் பெடலில் ஒரு நூல். படத்தில் நூல் நன்றாகத் தெரியவேண்டும் என்று என் தலையைப் பிடித்துத் திருப்புவாய். "நல்லது அதுவே தெரியும்டி. நாம காட்ட வேண்டியது இதத்தான்."

அந்த வந்தவாசி அம்மாவை மறந்திருக்க மாட்டாய். மிக்ஸி வாங்க வந்தவர் நூலைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, மந்திரிச்சு கட்டின கயிறா? மிக்ஸிக்கு இன்னா காத்து கருப்பு?" என்றார். நீ எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை, வாசற்படி இறங்கிப் போயே போய்விட்டார். அன்றிலிருந்து விளம்பரத்தில் கடைசி வரியாக, 'சிவப்பு நூல் பழுதைக் காட்டுவதற்கு மட்டுமே, மந்திரம் கிடையாது' என்று சேர்த்தாய். அந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நமக்குப் போன் பண்ணினார்கள்.

என் மாமனார் கட்டில் விஷயத்தில்தான் நமக்குள் சண்டை வந்தது. அவர் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார், அதிலேயே போய்விட்டார். கண்ணமங்கலத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டார், ஏன் விக்கறீங்க என்று. வீட்டில் இடம் இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் போனைப் பிடுங்கி, "பெரியவரு இதுல படுத்துதாங்க தவறிட்டாரு" என்று போட்டு உடைத்தாய். அவர் பட்டென்று வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை அந்தக் கட்டிலோடு சேர்த்து விற்றிருப்பேன்.

நீ அசரவில்லை. "அவரு எடுத்துகினு போவாரு. அப்பால எவனாவது சொல்லித் தெரிஞ்சா அந்தக் கட்டில்ல அவருக்குத் தூக்கம் வருமா? வேணாம்னு சொல்ல அவருக்கு ஒரு சான்ஸ் குடுக்கணும்ல?" என்றாய். அப்புறம் படுத்த படுக்கையாய் அம்மாவை வைத்திருந்த ஒருவர் வந்து, எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க அம்மாவும் நிம்மதியா போனா போதுங்க" என்று சொல்லி எடுத்துப்போனார்.

இந்த ஸ்கூட்டியே அந்தப் பங்குக் காசில் வந்ததுதானே. இதையும் நீ ஆப்பில் பார்த்துத்தான் வாங்கினாய். வந்தவாசிக்குப் போய் எடுத்துக்கொண்டு இருவரும் ராணிகள்போல் வந்தோம். 'சும்மா நிக்கற வண்டி, ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல' என்றான் விற்றவன். பாதி வழியில் சும்மா நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது, நான் பின்னாலிருந்து தள்ள, நீ ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். "பாவி, ஒரே ஒரு நூல் கட்டியிருந்தானா!" என்றாய். மெக்கானிக் வந்து கிளப்பியதும் நீ செய்த முதல் காரியம் ஹாரன் அடித்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

என் வாசலுக்கு வந்தால் நீ இறங்கியதே கிடையாது. ஹாரன்தான். நான் அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, விடாமல் அடிப்பாய். "காதுல விழுதுடி!" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். "வுழுந்தா ஜல்தி வாயேண்டி!" என்று நீ வெளியிலிருந்து கத்துவாய். தெருவே நம்மைத் திட்டியது. பேஜார் பிடித்தவள் என்று நானும் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும் உன்னிடம். மிக்ஸி மூடிக்கு நூல் கட்டினாய், சைக்கிள் பெடலுக்குக் கட்டினாய். உன் வயிற்று வலிக்கு ஏண்டி கட்டவில்லை? என் வீட்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்துகொண்டு, "கேஸுடி, ஒரு சோடா குடிச்சா போய்டும்" என்றாய். நானும் சோடா வாங்கிக் கொடுத்தேன். உன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, பவித்ராவிடம் சொல்லவில்லை, அவள் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாயாம். வேலூருக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் எங்களைத்தான் கோபித்துக்கொண்டார், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், உனக்கு மட்டும் ஒரு நியாயமா? இந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றிருக்கிறேன், உன்மேல் கோபமாக இருக்கும்போது நீ இங்கேயே எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் சொல்லச் சொன்ன பொய்யை நான் பவித்ராவிடம் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மா எப்டிப் போடுமோ அப்டியே போடுங்க சித்தி. லேப்டாப்பு மெதுவா வரட்டும்" என்றாள். சொன்னாளே தவிர, காலேஜ் திறக்க அதிக நாள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் நூல்கண்டையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கண்ணாடியில் கீறல், ஒரு நூல். பின் விளக்கு மூடி உடைசல், ஒரு நூல். சீட்டில் கிழிசல், சைடு ஸ்டாண்டு வளைசல். எல்லாவற்றிலும் முடிந்துவிட்டு எழுதினேன்: 'ஓட்டியவர் என் தோழி. உடம்பு சரியில்லாமல் இறந்துவிட்டார். மகள் படிப்புக்காக விற்கிறோம். சிவப்பு நூல் பழுதைக் காட்டுவதற்கு மட்டுமே, மந்திரம் கிடையாது.'

நீ சொல்லிக்கொடுத்த உண்மைக்கு நல்ல மரியாதை கிடைத்தது போ. "செத்தவங்க வண்டியா? வேணாங்க" என்று ஒருவர். "ஆக்சிடென்ட் ஆன வண்டிய மறைக்கறீங்களா?" என்று இன்னொருவர். பாதி விலைக்குக் கேட்டு, "யாரு வாங்குவாங்க இத?" என்று உபதேசம் பண்ணினார் ஒரு பெரிய மனுஷன். அப்புறம் போனே வரவில்லை. உன் வீட்டுக்காரர் தினமும் வேலைக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்று வண்டியைப் பார்ப்பார், போய்விடுவார். இறந்துவிட்டார் என்ற அந்த வரியை எடுத்துவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது. பவித்ரா முகத்தை நினைத்து அழிக்கப் போனேன், உன் முகத்தை நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று காலை கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மருந்துக் கடையில் வேலையாம், பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய்விட்டதாம். கூடவே மாமியார். அந்தம்மா நூல்களைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். "இறந்துட்டவங்க வண்டின்ற, இதுல கயிறு வேறயா? வா போலாம்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அத்த, எங்கெங்க பழுதுன்னு அவங்களே காட்டிகீறாங்க. யாரு இப்டி காட்டுவாங்க? ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். மாமியாரும் நானும் வாசலில் நின்றோம்.

திரும்பி வந்து இறங்கியவள், "அக்கா, ஒரு எடத்துல நூல் கட்ட மறந்துட்டீங்க" என்றாள். உன் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹாரன் பட்டன். மேலே இருந்த படம் முழுக்க அழிந்து, நடுவில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "இத மட்டும் எப்டிக்கா இவ்ளோ தேஞ்சுது?" என்று கேட்டாள்.

சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. தெரியாத இரண்டு பேர் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நீ என் வாசலில் அடித்த ஹாரனையெல்லாம் சொன்னேன். நான் கத்தியது, நீ கத்தியது, தெரு திட்டியது, எல்லாம் சொன்னேன். அந்தம்மா அதுவரை வண்டியைத் தொடவே இல்லை. கிட்டே வந்து அந்தப் பட்டன்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "ஆசையா ஓட்டின வண்டி. எடுத்துக்கோமா" என்றார் மருமகளிடம்.

அதற்கப்புறமும் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டாள் அந்தப் பெண், அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அழுதுகொண்டே ஐந்நூறில் முடித்திருப்பாய். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், திட்டாதே. பணம் உன் வீட்டுக்காரர் போனுக்குப் போய்விட்டது. பவித்ராவின் லேப்டாப்புக்குப் போதும். செய்தி கேட்டதும் அவள், "அந்த வரியோடயே வித்துட்டீங்களா சித்தி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஹாரன் பட்டனின் ஓரத்திலும் ஒரு நூலை முடிந்துதான் வண்டியைக் கொடுத்தேன். மிச்ச நூல்கண்டு என் அடுப்படி டப்பாவில் இருக்கிறது. பின்தெரு வீட்டு கிரைண்டர் ஒன்று நாளைக்கு வருகிறது, கல்லில் சின்னதாய் உடைசல் இருக்கிறதாம். நான்தான் கட்டவேண்டும், நான்தான் பேசவும் வேண்டும். உன் அளவுக்கு மடக்கத் தெரியாது, மறைக்காமல் சொல்லமட்டும் தெரியும். இரண்டு நாளாய் எனக்கு முட்டி வலிக்கிறது. அதையும் நேற்றே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், போதுமா?

வண்டியைக் கொடுத்ததும் அந்தப் பெண்ணும் மாமியாரும் அதில் கிளம்பினார்கள். நான் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். தெருமுனையில் மாடு ஏதாவது குறுக்கே நின்றிருக்க வேண்டும், ஹாரன் கேட்டது. விடாமல், உன்னைப்போலவே.

"காதுல விழுதுடி!" என்று கத்திவிட்டேன்.