தானாக நகர்ந்த அம்பு

கெனோரா, ஒன்டாரியோ
ஜூன் 14

அன்புள்ள ஒரெஸ்ட்,

நலம். வேனும் நலம். நலமில்லாதது மடிக்கணினி மட்டுமே.

பேசினால் ஐந்து நிமிடத்தில் சண்டையாகிறது, ஆகவே விவாகரத்துக்கு முன் பிரிந்திருக்க வேண்டிய இந்த ஓராண்டுக்குக் கடிதம் மட்டும் என்று முடிவு செய்தோமே, அது எவ்வளவு நல்லது என்று இன்று புரிந்தது. இன்று காலை உன் குரலைக் கேட்டிருந்தால் கணினியை ஏரியில் எறிந்திருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பேரங்காடியில் வாங்கினேன். உன் கணினிக் கடையில் வாங்கவில்லை என்று உனக்குக் கோபம், தெரியும். சின்னது, ஒரு கிலோ எடை, விலை குறைவு. வேனில் சாப்பாட்டு மேசையே ஒரு தட்டு அகலம்தான். பெரியதை எங்கே வைப்பது? ஆனால் இது காலையில் விழித்துக்கொள்வதற்குள் நான் காப்பி போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவியும் விடுகிறேன். நேற்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. சரி என்றேன். இடம் போதவில்லை என்றது. நான் அதில் இன்னும் எதையுமே வைக்கவில்லை!

இந்த மாதக் கடைசியில் பெருஏரிகளில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய புத்தகத்துக்கு, கடைசியில் வரும் அகரவரிசைச் சொல்லடைவை முடித்துக் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது. அடுத்து மாரத்தானில் தங்குவேன். அங்குள்ள தபால் நிலையத்துக்கு எழுதினால் வைத்திருந்து கொடுப்பார்கள்.

லெனோர்


சஸ்கட்டூன்
ஜூன் 19

அன்புள்ள லெனோர்,

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று எழுதப் போவதில்லை. ஆனால் சொன்னேன்.

அந்த வகை இயந்திரங்கள் வாரத்துக்குக் குறைந்தது மூன்று என் மேசைக்கு வருகின்றன. நினைவகம் குறைவு, சேமிப்பிடம் அதைவிடக் குறைவு. பிறந்த அன்றே வயிறு நிறைந்துவிடும். புதிதாக எதுவும் உள்ளே போகாது, பழையதும் வெளியே வராது. கொண்டுவருபவர்கள் எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "பயணத்துக்குத்தானே, போதும்னு நெனச்சேன்." போதாது. பயணத்தில்தான் நல்ல இயந்திரம் வேண்டும், ஏனென்றால் அங்கே நான் இல்லை.

தனித்தாளில் என்னென்ன நீக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதே. எதையாவது புரியாமல் அழுத்திவிட்டால் அப்படியே விட்டுவிடு. நீயாகச் சரிசெய்யப் பார்க்காதே. நீ சரிசெய்யப்போய்க் கெடுத்த சலவை இயந்திரம் நினைவிருக்கிறதல்லவா?

மழை இல்லை. உன் சஸ்கட்டூன் பெர்ரிச் செடி காய்த்துத் தள்ளுகிறது. பறிக்கத்தான் ஆளில்லை.

ஒரெஸ்ட்


மாரத்தான், ஒன்டாரியோ
ஜூலை 2

அன்புள்ள ஒரெஸ்ட்,

உன் தாள் வந்து சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது. நடந்ததைக் கேள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், 'மிச்சிபிக்கோட்டன் புயல்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். திரை நீலமாகி உறைந்துவிட்டது. நூலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்மணி, பெயர் டார்லீன், என் இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதையா வாங்கினீங்க? என் மருமகனும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு இப்ப அதுமேல பீட்சா வெச்சு சாப்பிடறான்."

"அழுகை வருதுங்க எனக்கு" என்றேன்.

"அழுறதுன்னா அப்புறம் அழுங்க. இப்ப அந்த மூலைல இருக்கற கணினில உக்காருங்க. நான் மூடற வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க."

முடித்துவிட்டேன். அனுப்பியும்விட்டேன். அடுத்த நாள் டார்லீன் கொடுத்த கணினிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தக் குட்டிச்சாத்தானைத் துடைத்து, இலவசமாகக் கிடைக்கும் இலகுவான இயங்குதளம் ஒன்றை ஏற்றினேன். நானே. நாள் முழுக்க ஆனது. இரண்டு தடவை தவறாகப் போய் மூன்றாம் தடவை எழுந்தது. இப்போதும் ஆமைதான், ஆனால் நடக்கிற ஆமை. சலவை இயந்திரம் பதினொரு வருடத்துக்கு முந்தைய கதை, ஒரெஸ்ட்.

பெர்ரியைப் பக்கத்து வீட்டு ஓல்காவிடம் பறித்துக்கொள்ளச் சொல். வீணாகக் கூடாது. அடுத்த கடிதத்தை ரிவியேர்-து-லூ தபால் நிலையத்துக்கு அனுப்பு.

நான் என்னென்ன பார்த்தேன் என்று நீ கேட்கவில்லை. இங்கே ஏரியில் அலை கடல்போல அடிக்கிறது.

லெனோர்


சஸ்கட்டூன்
ஜூலை 9

அன்புள்ள லெனோர்,

இயங்குதளத்தை நீயே மாற்றினாயா? எந்தப் பதிப்பு? பாதுகாப்பு அமைப்புகளைப் பார்த்தாயா? கடவுளே.

இப்படி வேண்டாம். அடுத்த வேலையும் இப்படி நூலக மூலையில் நடக்கக் கூடாது. ரிவியேர்-து-லூ தபால் நிலையத்துக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எங்கள் கடையில் இருப்பதிலேயே நல்லது. உன் சொல்லடைவு மென்பொருள், உனக்குப் பிடித்த எழுத்துரு, எல்லாம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். திறந்தால் போதும். பரிசு என்று வைத்துக்கொள்.

ஓல்கா இரண்டு வாளி பறித்துப் போனாள். எனக்கு ஒரு பெர்ரி கேக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் கைப்பக்குவம் இல்லை.

ஒரெஸ்ட்


ரிவியேர்-து-லூ, கியூபெக்
ஜூலை 24

என் அன்பு ஒரெஸ்ட்,

பெட்டி கிடைத்தது. என்ன சொல்ல! மூடியைத் திறந்த நொடியில் திரை வந்துவிட்டது. இவ்வளவு வேகத்தை மறந்தே போயிருந்தேன். வெயிலில்கூட எழுத்து தெரிகிறது. எழுத்துருவைப் பார்த்ததும் முதலில் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். கவனித்துத்தான் வைத்திருக்கிறாய்.

குறை சொல்லாமல் நான் கடிதம் முடித்ததுண்டா? இது கனம். வேன் மின்கலத்தில் இதன் மின்னேற்றி வைத்தால் விளக்கு மங்குகிறது. போதாததற்கு, இதை விட்டுவிட்டு எங்கும் போக முடியவில்லை. நேற்று ஆற்றங்கரையில் எல்லாரும் தண்ணீரில் இறங்கினார்கள். நான் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழையது என்றால் இருக்கையில் போட்டுவிட்டுப் போய்விடுவேன். திருடுகிறவன் பாவம் என்று.

அக்டோபரில் நம் ஓராண்டு முடிகிறது. அதற்கு முன் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து பேசலாமா என்று யோசிக்கிறேன். யோசனைதான். ஆனால் யோசிக்கிறேன்.

அன்புடன்
லெனோர்


ஷெட்டிகாம்ப், நோவா ஸ்கோஷியா
ஆகஸ்ட் 17

ஒரெஸ்ட்,

உன் ஆகஸ்ட் நான்காம் தேதிக் கடிதம் வந்தது. வீட்டுக்கு வருவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். மாடி அறைக்கு வண்ணம் அடிப்பதாகவும். அதைப் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தப் பதிலை வேறு மாதிரிதான் எழுத நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முகாமில் மழை. வேனில் உட்கார்ந்து, முகாமின் இணையத்தோடு இணைத்து, கப்பல் புத்தகத்தின் திருத்தப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஊற்றக் கையை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் திரையில் சுட்டியின் அம்பு நகர்கிறது. நான் தொடவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இப்படி நிதானமாக நகராது. திரையில் நான் பரப்பி வைத்திருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, 'வேலை' என்று ஒரு கோப்புறை திறந்து, உள்ளே போட்டது. பிறகு சொல்லடைவைத் திறந்தது. 'மனைவிகள், மாலுமிகளின்' என்று நான் தனித் தலைப்பாக வைத்திருந்ததைத் தூக்கி, 'மாலுமிகள்' என்பதற்குக் கீழே செருகியது.

"ஒரெஸ்ட், நீயா?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா, வீட்டுக்காரரா? போன்ல இருக்காரா?"

"இல்லைங்க. இங்கதான் இருக்கார்" என்றேன்.

உன் பெயரைத் தட்டினேன். கேள்விக்குறியோடு. அம்பு நின்றது. பிறகு மெல்ல மூலைக்குப் போய் ஒதுங்கிக்கொண்டது.

தூரத்திலிருந்து பழுது பார்க்கும் மென்பொருள் என்பாய். உதவிக்காக என்பாய். அதை நம்புகிறேன், ஒரெஸ்ட். உனக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை. நான் சமையலறையில் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினால் நீ எடுத்து வேறு இடத்தில் வைப்பாய். நான் ஒரு கதை சொன்னால் தேதியைத் திருத்துவாய். நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவந்து, மழையில், யாருக்கும் தெரியாத ஒரு மேசையில் உட்கார்ந்தேன். அங்கேயும் கை வந்துவிட்டது.

எத்தனை நாளாக? இதை மட்டும் கேட்க மாட்டேன். தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

அந்தத் தலைப்பைத் திரும்ப எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். என் கோப்புகளை ஆமைக்கு மாற்றிவிட்டேன். உன் இயந்திரத்தில் நான் எழுதியவற்றை அழித்திருக்கிறேன். எல்லாம் அழிந்ததா என்று தெரியாது, அதனால் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறேன். அது என்னவென்று சொல்லப் போவதில்லை. பெட்டி இந்தக் கடிதத்தோடு வருகிறது. விவாகரத்துத் தாள்களிலும் கையெழுத்திட்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

குளிர்காலத்துக்கு இங்கேயே ஒரு மீனவர் வீட்டின் மேல்தளத்தைப் பேசியிருக்கிறேன். ஆமை இப்போதுதான் கண்விழிக்கத் தொடங்கியிருக்கிறது. அது எழுந்திருப்பதற்குள் கடற்கரைக்கு ஒரு நடை போய்வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரைகளை மறக்காதே.

லெனோர்


சஸ்கட்டூன்
செப்டம்பர் 3

லெனோர்,

நான்தான்.

நேற்று கடைக்கு ஒரு பெண் வந்தாள். மரம் நடும் வேலைக்குப் போகிறாளாம். "ஊர் ஊராப் போகணும், சின்னதா, விலை கம்மியா ஒரு லேப்டாப் வாங்கலாமா?" என்று கேட்டாள். வழக்கமாக இதற்கு அரைமணி நேரம் பேசுவேன். இந்த முறை, "எங்கல்லாம்மா போறீங்க?" என்று கேட்டேன். சொன்னாள். நிறைய சொன்னாள். கடைசியில் அவளாகவே சின்னதை எடுத்துக்கொண்டு போனாள். அது மோசமான இயந்திரம்தான். அதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

தாள்களில் கையெழுத்திட்டு வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன்.

பெட்டியும் வந்தது. திறந்தேன். கடவுச்சொல் கேட்டது. அந்தப் பூட்டை உடைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும், அதுதான் என் தொழில். திருப்புளிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். மேசை விளக்கையும் போட்டேன்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, மூடியை மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அங்கேயே இருக்கிறது.

ஒரெஸ்ட்