உதறிக் காட்டிய பை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? என் பொண்ணு உன்னை ரொம்பப் படுத்தறாளா? நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதே.

நேத்து இங்க ஒரு கூத்து. நான் ரூம் சுத்தம் பண்ற ஓட்டல்ல, தங்கியிருந்த அம்மா ஒருத்தரோட கம்மலைக் காணோம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானா ஓடிப்போய் மேனேஜர் மேசையில என் பையைக் கவுத்து, உதறிக் காட்டினேன். "உன்னை யாரும்மா கேட்டா?"ன்னு அவர் திகைச்சுப் போயிட்டார். கம்மல் தலகாணி உறையிலயே கிடந்தது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி படுக்கப் போறப்பவும் திருடினவ மாதிரி பையை இன்னொரு தடவை உதறிப் பாத்தேன்.

சின்ன வயசுல நீ பாத்திரம் தேய்ச்ச வீடுகள்ல, கிளம்பறப்ப என்னை வாசல்ல நிக்க வெச்சுப் பாவாடையை உதறச் சொல்லுவே. நம்ம மேல பழி வந்துடக்கூடாதுன்னுதான் செஞ்சே. உன்னைக் குத்தம் சொல்லலம்மா. இதை எழுதறதுக்கே மனசு உறுத்துது.

தைலம் வாங்கி வெச்சிருக்கேன், ஊருக்கு வர்ற ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன். பாப்பாவோட பாவாடை அளவு எழுது. வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு, முடிச்சுக்கறேன். ஒண்ணே ஒண்ணு. பாப்பாவை வேலை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, திரும்பறப்ப கையைப் பிடிச்சு அப்படியே கூட்டிட்டு வந்துடும்மா. எதையும் உதறச் சொல்லாதே.

உன் மகள்