புகையில் உலர்ந்த கண்காட்சி

பையின் ஜிப்பைத் திறந்ததும் புகை வாசம். கொழும்பில் ஒரு வாடகை அறை. அருகில் ஒரு ரப்பர் மரமும் இல்லை. ஆனாலும் ரப்பர் ஷீட் உலர்த்தும் நம் தோட்டத்துப் புகைவீடு உள்ளே வந்து நிற்கிறது.

பெரிய புத்தகம் என்கிட்டதான் இருக்குடா.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. சொல்லவில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே, நம் தோட்டத்துப் பங்களாவை ஹோட்டலாக்கியபோது குப்பையோடு வெளியே வந்தது அது. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியின் படப்பட்டியல். நீராவி இயந்திரங்கள், சிங்கக்கால் பியானோக்கள். பால் வெட்டி முடித்த கையோடு வந்து எடுத்தாய். அட்டையில் உன் விரல் தடம், ரப்பர் பாலாய்க் காய்ந்து, இன்னும் இருக்கிறது. பிறகு ஞாயிறுதோறும் அவிசாவளைப் பழைய பேப்பர் கடைகளில் கிளறி, அதேபோல் மூன்று சேர்த்தாய். உனக்கு ஆங்கிலம் வராது. நான் படித்துச் சொல்வேன்.

ஐம்பது அலகுள்ள பேனாக்கத்தியின் படத்தை நீ வெகுநேரம் பார்த்தாய்.

"இத்தன கத்தி வச்சிருக்கான். ஒண்ணாவது பால் வெட்டுமாடா?"

"வெட்டாது."

"அப்ப எதுக்கு மகாராணிகிட்ட காட்டுனான்? நம்ம கங்காணிகிட்ட காட்டியிருந்தா தூக்கி எறிஞ்சிருப்பாரு."

போன வருஷ வெள்ளத்தில் நான்கும் நனைந்தன. நமக்குத் தெரிந்த ஒரே வழியில் உலர்த்தினோம். தையலைப் பிரித்து, தாள் தாளாக, ரப்பர் ஷீட்டுகளோடு புகைவீட்டுக் கம்புகளில் தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் லண்டன் முழுவதும் தேன் நிறம். தொட்டால் ஓரம் நொறுங்கியது. பழம்புத்தகங்களுக்குப் புகை ஆகாது என்று பிறகு படித்தேன். உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். "இனி பூச்சி அரிக்காதுல்ல?"

என் ஆய்வுக் கட்டுரைக்கு, முதலில் கிடைத்த அந்தப் பெரிய புத்தகம் தேவைப்பட்டது. கேட்டால் தரமாட்டாய் என்று நானே முடிவுசெய்தேன். நீ வேலைக்குப் போன நேரத்தில் எடுத்தேன். அடுத்த கிழமை திருப்பி வைத்துவிடலாம்.

அந்தக் கிழமை முழுக்க மழை. மண் சரியும் என்று லயத்து வீடுகளைக் காலிசெய்த அன்று நீ போன் செய்தாய்.

"எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டோம்டா. அம்மாவும் இங்கதான். ஆனா மூணுதான் இருக்கு. பெரியதக் காணோம். லயத்துலயே விட்டுட்டேன் போல."

என் மேசையில் அது திறந்து கிடந்தது.

"விடுடா, பாத்துக்கலாம்," என்றேன். வெட்கம். வேறு காரணம் இல்லை.

"நீ விடுவ. ஒனக்குப் படிக்க ஆயிரம் இருக்கு."

உனக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண் கத்தினார். "யன்ன எபா, மல்லி! யன்ன எபா!" போகாதே தம்பி என்று அவர் கெஞ்சியது எனக்கும் கேட்டது. லைன் அறுந்தது. அதற்குப் பிறகுதான் என் வாயில் அந்த மூன்று சொற்கள் வந்தன. அது என்கிட்ட இருக்கு. செத்த போனிடம் சொன்னேன். பலமுறை.

மலை சரிந்து இறங்கியது. லயம் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து உன்னை இன்னும் எடுக்கவில்லை.

போன கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். மூன்று புத்தகங்களையும் சேலையில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.

"பெரியது அவன் கையிலதான் இருக்கும் தம்பி," என்றார். "வெறுங்கையோட போகல எம்புள்ள."

பை என் தோளில் இருந்தது. கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன்.

"ஆமாம்மா," என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுருக்கி ஜன்னலைத் திறந்தார். நான் பையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.