அபூ தாலாவின் தலைவலி

சல்த்,
பிப்ரவரி 11

அன்புள்ள அபூ தாலாவுக்கு,

உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். நானும் பிள்ளைகளும் அண்ணன் ஸுஹைர் வீட்டில் நலமாக இருக்கிறோம். போன் பேசினால் காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்கிறீர்கள். அதனால்தான் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் முதல் முறையாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். சல்த் பஸ் ஓட்டும் அபூ குதைபா இதை இர்பித் பஸ் நிலையத்தில் உங்கள் கையில் கொடுப்பார்.

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று உங்கள் தங்கைகள் சொல்லித் திரிகிறார்களாம். கோபப்படக்கூட எனக்கு இப்போது தெம்பு இல்லை. யார் பேரால் உங்களை அபூ தாலா, என்னை உம் தாலா என்று கூப்பிடுகிறார்களோ அந்த மூத்த பெண் தாலா ஸ்பூனைக் கீழே போட்டாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நீங்கள் தட்டோடு சோற்றைச் சுவரில் அடித்தீர்கள். லீனுக்கு ஆறு வயது. அப்பா படுத்திருக்கிறார் என்று வீட்டில் நுனிக்காலில் நடந்து பழகியவள், இங்கே மாமா வீட்டிலும் அப்படியேதான் நடக்கிறாள். அண்ணி அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி நிலையத்தில் பனி உறைந்த தரையில் நீங்கள் வழுக்கி விழுந்து, பின்மண்டை நடைபாதைக் கல்லில் மோதியதே, அன்றிலிருந்துதான் இதெல்லாம். அன்று மாலை வீட்டுக்கு வந்து "வண்டியைப் பூட்டினேனா?" என்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் சாவி உங்கள் கையிலேயே இருந்தது. ரத்தம் வரவில்லை, வீக்கம் வடிந்துவிட்டது என்று மறுநாளே பஸ் ஓட்டப் போய்விட்டீர்கள். ஒரு மாதமாகத் திரைச்சீலையைத் திறக்க விடவில்லை. தூக்கம் இல்லை. ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உம் தாலா


இர்பித்,
பிப்ரவரி 20

உம் தாலாவுக்கு,

கடிதம் வந்தது. ஐந்து வரி எழுதினால் எழுத்து மிதக்க ஆரம்பித்துவிடுகிறது. விட்டு விட்டு எழுதுகிறேன்.

என் தலைக்கு ஒன்றும் இல்லை. கீழே விழாத டிரைவர் உண்டா? குளிர் போனால் தலைவலியும் போய்விடும். லீனுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

அஜ்லூன் மலைப்பாதையில் எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். மழை நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டால் சும்மா விடுவார்களா? "வாங்க நடிகரே, ஷூட்டிங் முடிஞ்சுதா?" என்கிறான் ஃபவாஸ். என் வண்டியில் எட்டு வருடமாகக் கண்டக்டராக இருக்கிறான், அவனுக்கு இல்லாத உரிமையா.

டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்பார். ஓட்டாமல் நான் யார்? வீட்டில் உட்கார்ந்து பருப்பு சூப் கிண்டவா?

நீ போனது சரியில்லை. புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று உனக்கே தெரிகிறது என்றால், விட்டுவிட்டுப் போகிறவள் எப்படிப்பட்டவள் என்று யோசி. வருவதென்றால் வா. நிபந்தனை போடாதே.

லீனுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

ஷாஹர்


சல்த்,
மார்ச் 2

அன்புள்ள அபூ தாலாவுக்கு,

பல் விழுந்துவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. முதல் தடவை படித்தபோது பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கேட்டது உங்களுக்கு நினைவில்லை என்று.

இங்கே சுகாதார நிலையத்தில் பதிவுச் சீட்டு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே டாக்டர் ருவைதா என்று ஒருவர். கூட்டம் குறைந்ததும் உங்கள் கதையை, யார் என்று சொல்லாமல், சொல்லிக் கேட்டேன். அவர் சீட்டில் கண்ணை வைத்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர்தானே?" என்றார்.

தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே மூளை குலுங்கிப் போகுமாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். தலைவலி, வெளிச்சம் தாங்காமை, மறதி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். அது சோம்பேறித்தனமும் இல்லை, கண்ணேறும் இல்லை. வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கேட்டேன். "இருபது பேரை ஏத்திக்கிட்டா? அவர் உயிர் அவரோடது, அந்த இருபது பேர் உயிர் யாரோடது?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார், இதை மட்டும் மறக்காமல் கிழித்து வண்டியில் கண் எதிரே ஒட்டி வையுங்கள். தலைவலி ஓயாமல் ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, இடம் புரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, நீங்களே ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது.

நான் எப்படிப்பட்டவள் என்று யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவள், உங்களை அங்கே விட்டுவிட்டு வந்தவள். இரண்டும் நான்தான்.

உம் தாலா


சல்த்,
மார்ச் 19

அபூ தாலாவுக்கு,

பதினேழு நாளாகப் பதில் இல்லை. என் கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள் என்று அபூ குதைபா சொன்னார். மறைத்துச் சொல்லத்தான் பார்த்தார், அவருக்குப் பொய் வராது. இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றும் சொன்னார்.

பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்துவிட்டேன். தாலா உங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். லீன் மட்டும் கேட்கிறாள்.

கெஞ்சிக் கெஞ்சி எனக்குக் குரல் போய்விட்டது. இனி எழுத மாட்டேன். உங்களை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும்.

மைசூன்


இர்பித்,
ஏப்ரல் 3

அன்புள்ள மைசூனுக்கு,

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். காலையில் கால் மணி நேரம்தான் எழுத அனுமதி. டாக்டர் உத்தரவு. ஆமாம், டாக்டர்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. பதினெட்டுப் பேரோடு அஜ்லூனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே தலைவலி, என்றும் இருப்பதைவிடக் கடுமையாக. ஓக் மரங்களைத் தாண்டியதும் ஒரு வளைவு வருமே, பன்னிரண்டு வருடம் ஓட்டிய பாதை, கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன். அந்த வளைவில் எனக்கு எந்த ஊர், எங்கே போகிறோம், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதுவும் தெரியவில்லை. தூங்கவில்லை, மைசூன். கண் திறந்துதான் இருந்தது. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. ஆனால் அது யாருடைய கை என்று தெரியாததுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டது கேட்டது. ஃபவாஸ் என் தோளைப் பிடித்து, "மிதி, ஷாஹர், பிரேக்கை மிதி" என்று காதில் சொன்னான். கத்தவில்லை, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். மிதித்தேன். முன்சக்கரம் ஓரக் கல்லில் இடித்து நின்றது. அந்தக் கல்லுக்கு அப்புறம் பள்ளம்.

கீழே இறங்கி வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தேன். அப்போதுதான் சட்டைப்பையில் உன் மார்ச் இரண்டாம் தேதிக் கடிதம் பிரிக்காமலே இருப்பது நினைவுக்கு வந்தது. என்னால் படிக்க முடியவில்லை. ஃபவாஸிடம் கொடுத்தேன். ரோட்டோரத்தில் நின்றபடி அவன் உரக்கப் படித்தான், பயணிகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்ட பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "உன் பொண்டாட்டி ஒருத்திக்குத்தான் இங்க அறிவிருக்கு. இப்பவே போ" என்றாள். பின்னால் வந்த காரில் ஃபவாஸ் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். ஜனவரியில் விழுந்தேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கால் உடைஞ்சிருந்தா அதே காலோட ஓடியிருப்பீங்களா?" என்றார். மூளை ஆற ஓய்வு கொடுக்காமல் தினமும் மலை ஏறி இறங்கியதில்தான் இவ்வளவு இழுத்திருக்கிறது என்றார். மூன்று மாதத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் அவர் சோதித்துப் பார்த்துச் சொன்னால்தான். அதுவரை கொஞ்சம் நடை, நேரத்துக்குத் தூக்கம், மயக்கம் போக ஒரு பயிற்சி. கோபத்தைப் பற்றியும் அவராகவே கேட்டார். அதுவும் அடிபட்டதால் வரக்கூடியதுதான் என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம், மைசூன். உடனே உனக்கு எழுத வேண்டும், அது நான் இல்லை, அது காயம் என்று சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அப்படியே ஒரு கடிதமும் எழுதினேன். எழுதியதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். லீன் பிறந்த வருடம் சமையலறைக் கதவை உதைத்து உடைத்தேனே, அப்போது என் தலைக்கு ஒன்றும் இல்லை. உன் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் உன்னை வாயை மூடு என்றபோதும் ஒன்றும் இல்லை. காயம் என் கோபத்தைப் பெரிதாக்கியிருக்கலாம். உள்ளே கொண்டுவந்து வைத்தது அது இல்லை. எல்லாவற்றையும் அதன் மேல் போட்டுவிட்டால் நீ வந்துவிடுவாய். அதனால்தான் போடவில்லை.

வண்டிச் சாவியை ஃபவாஸிடம் கொடுத்துவிட்டேன்.

ஷாஹர்


சல்த்,
ஏப்ரல் 14

அன்புள்ள அபூ தாலாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. அந்தப் பதினெட்டுப் பேருக்காகவும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது, அந்தக் கல் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று. மூன்றாவது தடவை கடைசிப் பகுதியை மட்டும் படித்தேன். அது நான் இல்லை, காயம் என்று நீங்கள் எழுதியிருந்தால் அன்றே பெட்டி கட்டியிருப்பேன். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் உண்மையைச் சொன்னதால் உடனே வர முடியாமல் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் மேல் எனக்கு வெகு நாளாக இல்லாத ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆனாலும் வர முடியவில்லை.

தலை ஆறுவதற்கு டாக்டர் மூன்று மாதம் சொல்லியிருக்கிறார். மற்றது ஆற எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் வந்து பார்க்கலாம், அண்ணனிடம் பேசிவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டுமாமே, ஃபவாஸ் போனில் சொன்னார். டாக்டர் சொல்வது உங்களுக்குப் பாதிதான் நினைவில் நிற்கும். சுகாதார நிலையத்தில் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவேன். உள்ளே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன். கோபத்தைப் பற்றி அவர் கேட்டால் நானும் பேசுவேன், நீங்கள் குறுக்கிடக் கூடாது.

நாலு மணி பஸ்ஸில் சல்த்துக்குத் திரும்பிவிடுவேன். வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். அதற்கடுத்த முறை எப்போது வரச் சொல்கிறாரோ, அன்றைக்கும் வருவேன். அதற்கு மேல் இப்போது எனக்குத் தெரியாது.

மைசூன்