நாலரை கிலோ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலுத் தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அதில் முக்கால் பங்கு உண்மை; மிச்சத்துக்குத்தான் இந்தக் கடிதம். பச்சை உடம்புக்காரியிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

பட்டறையில் ஏணி சறுக்கி அப்பா விழுந்தபோது, "லேசான சுளுக்கு" என்றோமே, அது புளுகு. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் திருகாணி முடுக்கினால் இந்த வயசு எலும்பு பிடிக்காது, மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே இருப்பது உலோகக் கீல். ஊருக்கெல்லாம் கதவு மாட்டிய தச்சருக்கே கீல் மாட்டிவிட்டார்கள்! கிறீச்சிட்டால் எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். அம்மா என் வாய்க்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள்.

கை இப்போது நன்றாக மடங்குகிறது. தானே சாப்பிடுகிறார், என் காதையும் பழைய பிடியோடு திருகுகிறார். ஆனால் அந்தக் கையால் நாலரை கிலோவுக்கு மேல் ஆயுசுக்கும் தூக்கக் கூடாதாம். முணுமுணுப்பார் என்று நினைத்தேன். "சின்னக் கீல்ல பெரிய கதவை மாட்டினா கழண்டுக்கும், எனக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டார்.

போனில் எப்போதும் "பாப்பா எத்தனை கிலோ?" என்று கேட்கிறாரே, ஏன் என்று யோசித்தாயா? அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று நீ நாலு என்றாய். அன்று முழுக்க எனக்குத் திட்டே விழவில்லை. போன வாரம், "ஆறரைப்பா, குண்டம்மா ஆயிட்டா!" என்று கத்தினாய். "சந்தோஷம்மா" என்று போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே தீட்டிய உளியை மறுபடி தீட்டப் போய்விட்டார்.

நேற்று பட்டறையை எட்டிப் பார்த்தேன். ஆணி மூட்டையைப் போர்வையில் சுற்றி, இடது கையில் ஏந்தி, இங்கும் அங்கும் நடக்கிறார். தலைப்பக்கம் தொங்காமல் வேறு பார்த்துக்கொள்கிறார். என்னைக் கண்டதும், "துருப்பிடிக்காம இருக்கத்தான்டா" என்றார். அவர் குளிக்கப் போனதும் மூட்டையைத் தராசில் வைத்தேன். சரியாக ஆறரை. நான் ஒரு கிண்டலும் செய்யவில்லை, அக்கா. நானே!

அடுத்த மாதம் வரும்போது எதையும் காட்டிக்கொள்ளாதே, அழாதே. அவருடைய இடது பக்கமாக வந்து நின்று, சும்மா கொடுப்பதுபோல் பாப்பாவைக் கொடு. ஆணி மூட்டை உதைக்காது, இவள் உதைப்பாள். அதனால் நான் பக்கத்திலேயே நிற்பேன்.

மாமாவுக்கு வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். அதுவரை அவளைக் கொஞ்சம் மெதுவாக வளரச் சொல்.

இப்படிக்கு,
அப்பாவின் வலது கை